தெரிந்த கதைக்கு விடிய விடிய உட்காருகிறவர்கள்: படம் இசை நாடகமாகும்போது ரசிகர்கள் எதைக் கேட்கிறார்கள்?

பேர் பெற்ற படம் ஒன்று இசை நாடகமாக மேடைக்கு வரப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 'அந்தப் படத்தைத் தொடாதீர்கள்' என்பது ஒரு கட்சி. 'எப்போது, எங்கே, டிக்கெட் எவ்வளவு' என்பது இன்னொரு கட்சி. கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் இரண்டிலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள்தான் என்று தெரியும். தொடக்கூடாது என்று சத்தம் போட்டவர்தான் முதல் நாள் முன்வரிசைக்கு அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்குவார். பார்த்துவிட்டு வந்து, படத்தில் இருந்த இன்ன இடம் இல்லையே என்று குறைப்படுவார். அடுத்த மூச்சிலேயே, படத்தை அப்படியே ஒப்பித்துவிட்டார்களே, புதிதாக என்ன இருக்கிறது என்றும் கேட்பார். இந்த இரண்டு குறைகளும் ஒருவர் வாயிலேயே வருவதில் முரண் ஏதும் இல்லை என்பது என் கட்சி. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

வேலூரில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. அங்கே பெரிய அரங்குகளுக்கு வரும் ஆங்கில, இந்தி இசை நாடகங்களைப் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்பிவிடும் இளைஞர்கள் இந்த ஊரில் உண்டு. லண்டன் நாடகத்தின் பாடல்களை வரிசை மாறாமல் முணுமுணுக்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அதே ஊரிலிருந்து ஆரணி, செய்யாறு, போளூர்ப் பக்கம் பஸ் ஏறினால், பங்குனி தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் களரியில், அதாவது ஆடுகளத்தில், தெருக்கூத்து நடந்துகொண்டிருக்கும். வட ஆற்காட்டை 1989-இலும் வேலூரை 2019-இலும் அரசு பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்துவிட்டது. கூத்து பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் வட ஆற்காடுதான். ஆட்டம் வடக்கத்திப் பாணிதான். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அதிகம் அறியாது. அறிந்திருந்தால், படத்தை மேடையேற்றும் விவகாரத்தில் முதல் கூட்டம் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு இரண்டாவது கூட்டம் எப்போதோ பதில் கண்டுவிட்டது என்பது தெரிந்திருக்கும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தமிழில் இந்தப் போக்குவரத்து நெடுங்காலம் ஒரே திசையில்தான் நடந்தது: மேடையிலிருந்து படத்துக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிவைத்த இசை நாடகங்கள் கம்பெனி நாடகக்காரர்களுக்குச் சோறு போட்டன. 1931-இல் பேசும் படம் வந்ததும் அதே நாடகங்கள் அப்படியே படப்பிடிப்புத் தளத்துக்கு இடம் மாறின. 1934-இல் 'பவளக்கொடி' படத்தில் அறிமுகமான தியாகராஜ பாகவதர், அதே நாடகத்தை மேடையில் பாடி நடித்துப் பெயர் வாங்கியவர். அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் பாட்டுக்கு நடுவே வசனம் வருகிறதா, வசனத்துக்கு நடுவே பாட்டு வருகிறதா என்று சொல்வது கடினம். பிறகு வசனத்தின் காலம் வந்தது. 'பராசக்தி' (1952), 'ரத்தக்கண்ணீர்' (1954), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) மூன்றுமே மேடையில் வென்றுவிட்டுத் திரைக்கு வந்தவை. அதற்குப் பின் வந்த சபா நாடகங்களும் அதே வழியில் படமாயின.

எதிர்த்திசையில் வண்டி ஓடியதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் கிராமத்து இளைஞர் மன்றங்கள் போட்ட சமூக நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடகைக்கு எடுத்த படுதாவின் முன்னால், பார்த்த படங்களின் நீதிமன்றக் காட்சியையும் தங்கச்சி பாசத்தையும் ஒட்டுப் போட்டு, ஊர்ப் பையன் நாயகனாக நிற்பான். அவன் வசனத்தை மறந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எடுத்துக் கொடுப்பார். அங்கே படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழவில்லை. அந்த நாடகங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். படம் பார்த்த ஊர், அந்தப் படத்தை மேடையில் எப்படிக் கேட்டது என்பதற்கு அவைதான் நமக்குள்ள முதல் சாட்சி.

மேல்நாட்டிலும் 1950, 60களில் மேடை இசை நாடகங்கள்தான் பெரிய பெரிய படங்களாயின. திசை மாறி, படத்திலிருந்து மேடைக்கு என்ற வெள்ளம் 1990களில் பெருகியது. காரணம் கலை அல்ல, காசு. நியூயார்க்கின் பெரிய அரங்குகளான பிராட்வேயில் ஒரு நாடகத்தை மேடையேற்றுவதற்கே கோடிக்கணக்கில் செலவாகும்போது, முன்பின் தெரியாத தலைப்புக்கு டிக்கெட் விற்பதைவிட, ஜனங்கள் ஏற்கெனவே அறிந்த தலைப்புக்கு விற்பது சுலபம். 1994-இல் டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 1997-இல் 'லயன் கிங்' என்று வரிசை கட்டின. மெல் புரூக்ஸ் தன்னுடைய 1967-ஆம் ஆண்டுப் படமான 'தி புரொடியூசர்ஸ்' கதையைத் தானே பாட்டெழுதி 2001-இல் மேடைக்குக் கொண்டுவந்தார். அது பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகளில் 12-ஐ அள்ளிக்கொண்டு போனது. அந்த எண்ணிக்கையை இன்றுவரை வேறெந்த நாடகமும் தாண்டவில்லை. 'ஹேர்ஸ்பிரே' 1988-இல் படம், 2002-இல் இசை நாடகம், 2007-இல் அந்த இசை நாடகத்திலிருந்து மறுபடி படம் என்று வட்டமே போட்டது.

தெரிந்த தலைப்பு டிக்கெட் விற்றுத் தரும், உட்கார வைக்காது. 1976-இல் ஓடு ஓடென்று ஓடிய 'கேரி' என்ற திகில் படம் 1988-இல் பிராட்வேக்கு இசை நாடகமாக வந்து, முறையான தொடக்கத்துக்குப் பின் ஐந்தே காட்சிகளில் மூடப்பட்டது. படத்தை மேடையேற்ற நினைக்கும் எல்லோருக்கும் பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்தும் கதை அது.

சரி, தெரிந்த கதைக்கு வந்து உட்காருகிறவர் எதைப் பார்க்க உட்காருகிறார்? இதை வட ஆற்காட்டுக் களரியில் நின்று பார்ப்பதுதான் நல்லது. ஏனென்றால் இங்கே ஒரே கதை படமாகவும் கூத்தாகவும் ஒரே ஜனங்களின் நினைவில் இருக்கிறது. பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்' 1964-இல் வந்தது. 2012-இல் புதுப்பித்து வெளியிட்டபோது பேரன் பேத்திகளும் பார்த்தார்கள். 'கர்ண மோட்சம்' கூத்து அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது, இன்றும் ஆடப்படுகிறது. கோயில் திருவிழாவில் மட்டும் அல்ல. பெரியவர் ஒருவர் இறந்தால் கருமாதிக்கு முந்தைய இரவு கர்ண மோட்சம் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆக, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கர்ணன் சாவதை வாழ்நாளில் எத்தனையோ தடவை பார்த்திருப்பார். கதை தெரியாமல் உட்காருகிறவர் அங்கே குழந்தைகளைத் தவிர யாரும் இல்லை.

படத்துக்கும் கூத்துக்கும் கதையிலேயே பெரிய வித்தியாசம் உண்டு. படத்தில் கர்ணனின் மனைவி சுபாங்கி, தேவிகா நடித்தார். அவள் கர்ணனை உயிராய் நேசிக்கிறாள். பிறப்பைச் சொல்லிக் காட்டும் அவமானம் மாமனாரிடமிருந்து வருகிறது. கூத்தில் அவள் பெயர் பொன்னுருவி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று முகம் கொடுக்காதவள் அவளேதான். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன் கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். அவள் ஏச, இவன் பதில் சொல்ல, பாட்டும் வசனமுமாக மூண்டெழும் தர்க்கம் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அவன் யார் என்ற உண்மை தெரிந்ததும் அவள் உடைகிற இடத்தில், அதுவரை கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பொன்னுருவியாக வேஷம் கட்டியிருப்பவர் பெரும்பாலும் ஓர் ஆண் என்பதும், காலையில் பார்த்தால் அவர் பக்கத்து ஊரில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கண்ணீர் அதற்காக நிற்பதில்லை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், படம் பார்த்த யாரும் களரியில் எழுந்து 'சுபாங்கி எங்கே' என்று கேட்பதில்லை. கூத்து பார்த்து வளர்ந்தவர் தியேட்டரில் 'பொன்னுருவி எங்கே' என்று சண்டை பிடித்ததும் இல்லை. இரண்டு கர்ணன்களுக்கும் ஒரே நெஞ்சில் இடம் இருக்கிறது. ஆனால் இதே ஜனங்கள் ஒரு விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். அடிபட்டுக் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணர் வடிவில் வந்து புண்ணியத்தை யாசிக்கும் காட்சி சுருக்கப்பட்டால் கூத்தை நடத்தும் வாத்தியாரை நேரில் பிடித்துக் கேட்டுவிடுவார்கள். படத்திலும் அந்த இடம்தான் உச்சம். சீர்காழி கோவிந்தராஜனின் குரல் அங்கே எழும்போது, எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறவரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

ரசிகரின் எதிர்பார்ப்பு என்பது இதுதான். கதை முழுக்க அப்படியே வர வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. அவர் மனத்தில் மூன்று நான்கு இடங்கள் ஊன்றியிருக்கின்றன: நாயகன் முதன்முதலில் தோன்றும் இடம், ஒரு வாக்குவாதம், ஒரு பாட்டு, ஒரு சாவு. அந்த இடங்களுக்கு வந்து சேர வேண்டும். எந்த வழியாக வந்தாலும் சரி. வழி புதிதாக இருந்தால் இன்னும் நல்லது. 'அந்த இடம் இல்லையே' என்ற குறையும் 'அப்படியே ஒப்பித்துவிட்டார்களே' என்ற குறையும் ஒருவரிடமே வருவது இதனால்தான். முதலாவது இடத்தைப் பற்றியது, இரண்டாவது வழியைப் பற்றியது. படத்தைத் தழுவுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வழியை அப்படியே நகலெடுத்துவிட்டு, இடம் வரும்போது அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

வழியை எப்படிப் புதிதாக்குவது? பந்துலு போர்க்களக் காட்சிகளை எடுக்கக் குருட்சேத்திரத்துக்கே போனார். படை, குதிரை, தேர் எல்லாம் உண்மையாகவே ஓடின. களரியில் அதே போர் இரண்டு ஆட்களுக்கும் ஒரு பெஞ்சுக்கும் இடையில் நடக்கிறது. பெஞ்சுதான் சிம்மாசனம், அதுவே தேர். மத்தளமும் தாளமும் முடுக்க, கர்ணன் கிறுகிறுவென்று சுழன்று சுழன்று வருவான். தோளில் கட்டிய புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் விளக்கில் தெறிக்கும். எத்தனை சுற்று என்று பையன்கள் சத்தமாக எண்ணுவார்கள். அந்தச் சுழற்சியில் ஆயிரம் குதிரையும் அடக்கம். காமிராவோடு போட்டி போட்டு நிஜக் குதிரையை மேடையில் ஏற்ற நினைத்திருந்தால் கூத்து என்றோ தோற்றிருக்கும்.

இதே தந்திரத்தை 'லயன் கிங்' நாடகத்தின் இயக்குநர் ஜூலி டேமோர் வேறு வழியாகக் கண்டுபிடித்தார். விலங்குப் படத்தை மேடையேற்ற வேண்டும் என்றால் எல்லோரும் நினைப்பது, நடிகரை முழுக்க விலங்குத் தோலுக்குள் மறைப்பதுதான். அவர் முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தார். சிங்கமும் தெரியும், கீழே நடிகரின் முகமும் தெரியும். பொம்மையை ஆட்டுகிறவரை ஒளிக்கவே இல்லை. முதல் பாட்டில் விலங்குகள் பார்வையாளர்களுக்கு நடுவிலுள்ள நடைபாதை வழியாக மேடைக்கு வருகின்றன. படத்தில் ஆணாக இருந்த ரஃபீகி என்ற குரங்கு மேடையில் பெண்ணாகிப் பாடுகிறது. ஒன்றரை மணி நேரக் கார்ட்டூன் படம் இரண்டரை மணி நேர நாடகமாகி, ஐந்து பாட்டுக்கு மேல் பல பாட்டுகள் சேர்ந்தன. ரசிகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, 1997-இல் தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் கூத்தின் திரைப் பிரவேசத்தைப் பார்த்தவருக்கு இது ஒன்றும் அதிசயமாக இருக்காது. இரண்டு பேர் துணியை விரித்துப் பிடிக்க, அதற்குப் பின்னால் கர்ணன் பாடிக்கொண்டு நிற்பான். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும், முகம் தெரியாது. துணியை எப்போது விலக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்த கூட்டத்தையே அந்த முழக் கணக்குத் துணி காக்க வைத்துவிடும்.

படத்தில் கர்ணன் என்றால் சிவாஜி கணேசன். வேறு முகம் கிடையாது. மேடையில் பாத்திரம் நடிகரைவிட நீண்ட ஆயுள் உடையது. 'இவர் கர்ணன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இவருடைய வாத்தியார் விருத்தம் எடுத்தால் வேறு மாதிரி' என்று பேசுவதே கூத்து ரசிகரின் பாதி இன்பம். பிராட்வேயிலும் நாயகன் மாறிக்கொண்டே இருப்பார்; அவருக்கு உடம்பு சரியில்லாத அன்று ஆடுவதற்கென்றே ஒருவர் பக்கத்தில் தயாராக நிற்பார். நட்சத்திரத்தின் முகத்தோடு ஒட்டிப்போன பாத்திரத்தைப் பிரித்தெடுப்பது நம் சினிமா ரசிகருக்குத்தான் முதல் சோதனை.

இரண்டாவது சோதனை குரல். இதுதான் தமிழில் உண்மையான முட்டுக்கட்டை என்று எனக்குத் தோன்றுகிறது. 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரல் புகுந்ததிலிருந்து, நடிக்கிறவர் வேறு, பாடுகிறவர் வேறு என்பது நம் காதுக்குப் பழகிவிட்டது. சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் ஒரே டி.எம்.சௌந்தரராஜன் பாடினார், இரண்டும் வெவ்வேறு குரல்கள் என்றே நம் தாத்தாக்கள் நம்பினார்கள். ஒரு பாட்டு நம் மனத்தில் இருக்கும்போது அது நடிகரின் முகம், பாடகரின் தொண்டை, ஒலிப்பதிவுக் கூடத்தின் நாற்பது வயலின் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுப் பொருள். அதை மேடையில் ஒரே ஆள், ஆடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே தர வேண்டும். ஒலிநாடாவை ஓடவிட்டு வாயசைத்தால்? பள்ளி ஆண்டு விழாவில் பொறுத்துக்கொள்வார்கள். காசு கொடுத்து வந்தவர் பொறுக்கமாட்டார். பிற்பாட்டுக்காரர் தாங்கிப் பிடிக்க, வேஷக்காரரே அடிவயிற்றிலிருந்து பாடுவதைக் கேட்டு வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர் நிச்சயம் பொறுக்கமாட்டார். அவருக்குக் குரல் கரகரத்தாலும் பரவாயில்லை. ஆடுகிற உடம்பிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியில் இதற்கு இரண்டு விடைகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. ஃபெரோஸ் அப்பாஸ் கான் 2016-இல் மும்பையில் மேடையேற்றிய 'முகல்-ஏ-ஆசம்' 1960 படத்தின் நௌஷாத் பாடல்களை அப்படியே வைத்துக்கொண்டு, நடிகைகளையே நேரடியாகப் பாட வைத்தது. ரசிகர் காத்திருந்த பாட்டு வந்தது. ஆனால் கண்முன்னால் நிற்கும் தொண்டையிலிருந்து வந்தது. அந்தப் படமே 1922-இல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய 'அனார்கலி' நாடகத்தின் வழியில் வந்தது என்பதால், கதை மேடைக்குத் திரும்பி வந்து சேர்ந்தது என்றும் சொல்லலாம். மற்றொரு விடை 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' (1995) படத்தை ஆதித்ய சோப்ராவே ஆங்கில இசை நாடகமாக 2022-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இயக்கியது. பழைய பாடல்களைக் கைவிட்டு விஷால்-சேகர் இசையில் எல்லாம் புதிது. பாட்டைவிடப் பெரிய சண்டை வேறொன்றில் வந்தது: படத்தின் நாயகன் ராஜ் அங்கே வெள்ளைக்கார இளைஞன் ஆக்கப்பட்டிருந்தான். வெளிநாட்டிலும் தன் வேரை விடாத பையன் என்பதுதானே அந்தப் பாத்திரம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நாடகம் 2025-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனது. பாட்டு மாறியதைப் பலர் மன்னித்துவிட்டு ஆள் மாறியதை மன்னிக்காததைக் கவனியுங்கள். ராஜ் யார் என்பது ஊன்றிய இடம். பாட்டு அங்கே போகும் வழி. ஆனால் எல்லாப் படத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. தமிழில் பாட்டே ஊன்றிய இடமாக இருக்கும் படங்கள்தான் அதிகம்.

கூத்துக்காரர்கள் இந்தப் பாட்டு விவகாரத்தில் வேறொரு வேலையும் செய்கிறார்கள். கட்டியக்காரன் வாயில் சினிமா மெட்டு புகுந்து பல காலம் ஆகிறது. நேற்று வந்த படத்தின் மெட்டில் இன்று ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்து வரி கட்டிப் பாடுவான்; இளைஞர்கள் விசிலடிப்பார்கள்; பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தப் பழைய ஆட்கள் எழுந்து நின்று சண்டைக்கு வருவது கர்ணன் வாயில் சினிமா மெட்டு வந்தால் மட்டும்தான். எங்கே கலக்கலாம், எங்கே கலக்கக்கூடாது என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கிறது. கோமாளிக்கு ஒன்று, ராஜாவுக்கு ஒன்று. வெளியிலிருந்து வரும் கதைக்கும் அந்தச் சட்டம் வளைந்து கொடுக்கும். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் பாரதக் கூத்தோடு நிற்காமல் பிரெக்டின் 'காகசிய வெள்ளை வட்டம்' கதையையே கூத்தாக்கினார்கள். ஜெர்மானியர் எழுதிய கதைக்கும் கட்டியக்காரன் வந்தான், விருத்தம் வந்தது, அடவு வந்தது. அதைச் செய்ய முடிந்தவர்களுக்கு ஒரு தமிழ்ப் படத்தை மேடைக்குக் கொண்டுவருவது அப்படி ஒன்றும் பெரிய காரியமாக இருக்காது. யாரும் அவர்களிடம் போய்க் கேட்பதில்லை, அதுதான் குறை.

ரசிகர்கள் அதிகம் யோசிக்காத, ஆனால் மேடையேற்றுகிறவரின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி (1957) ஒரு படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் உரிமை. 1964-இல் வந்த படத்துக்கு 2024 முடிவோடு அது தீர்ந்தது. அப்படியானால் எடுத்து ஆடிவிடலாமா? முடியாது. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு. எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள். கண்ணதாசன் மறைந்தது 1981-இல், எனவே அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை இருக்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015-இல். அவர் மெட்டுகளுக்கு 2075 வரை. ஆக, படம் பொதுச் சொத்தாகிவிட்டது, அதன் பாட்டு ஆகவில்லை என்ற விசித்திர நிலையில் நம்முடைய 1960களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. பாட்டை வானொலியில் ஒலிபரப்பவோ கச்சேரியில் பாடவோ கிடைக்கும் அனுமதி, அதையே கதையோடு சேர்த்து நடிக்கப் போதாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பின் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டியைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. புதுப் பாட்டுப் போடுவது என்ற முடிவு பல இடங்களில் கலை நோக்கில் எடுத்ததுபோலத் தோன்றினாலும், பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கும்.

மிச்சம் இருப்பது இடமும் நேரமும். சினிமா ரசிகருக்கு மூன்று மணி நேரம் பழக்கம். இசை நாடகம் இடைவேளையோடு இரண்டரை மணி நேரத்தில் முடியும். கூத்து ராத்திரி பத்துக்குத் தொடங்கி விடியும் வரை போகும். நடுவில் ஒருவர் கர்ணன் வேஷத்துக்கு ஐம்பது ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தால், கர்ணன் உயிர் போகிற நேரமானாலும் ஆட்டத்தை நிறுத்தி அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லியாக வேண்டும். எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் பணம் கொடுத்தவர் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார் என்பதும் உண்மை. பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தவம் செய்யும் 'அர்ச்சுனன் தபசு' அன்று பனைமரக் கம்பத்தின் உச்சியிலிருந்து வேஷக்காரர் எலுமிச்சம்பழத்தை வீசும்போது, பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். நாடகமா வேண்டுதலா என்று அங்கே பிரிக்க முடியாது. படம் இதைத் தர வழியே இல்லை. மேடையேறும் படம் இந்த அளவுக்குப் போக வேண்டாம். பார்க்கிறவர் இருப்பதை மேடை கண்டுகொண்டால் சரி.

வேலூரில் ஒரு பெரிய இசை நாடகம் வந்தால் எங்கே நடக்கும்? கோட்டை மைதானம் இருக்கிறது, கல்லூரி அரங்குகள் இருக்கின்றன. பறக்கும் காட்சிக்கும் சுழலும் மேடைக்கும் உரிய ஏற்பாடுகளோடு கட்டிய அரங்கு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. வந்தால் லாரியில் ஏற்றி இறக்கக்கூடிய நாடகமாகத்தான் வரும்; அது நல்லதுக்குத்தான், கற்பனைக்கு வேலை கூடும். ஆனால் ஒலி விஷயத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. களரியில் மைக்கைக் கயிற்றில் கட்டி மேலேயிருந்து தொங்கவிடுவார்கள். ஆடிக்கொண்டிருக்கும் கர்ணன் வசனம் வந்ததும் அதன் அடியில் வந்து நின்றுவிடுவான். ஆட்டம் அங்கே நொண்டும். பெரிய இசை நாடகங்களில் நடிகரின் நெற்றி முடியோரத்தில் சின்ன மைக்கை ஒட்டிவிடுகிறார்கள். ஓடலாம், புரளலாம், வரி கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும். தமிழ் ரசிகர், வேலூரிலும் சரி வேறெங்கும் சரி, பாட்டில் முதலில் தேடுவது வரியைத்தான். வரி புரியாவிட்டால் களரியில் கூட்டம் மெல்ல எழுந்து டீக்கடைப் பக்கம் நகரும். வாத்தியாரும் அதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை முடுக்குவார், அல்லது கட்டியக்காரனை உள்ளே அனுப்புவார். கதவை மூடிய அரங்கில் எழுந்து போக இடைவேளை வரை காத்திருக்க வேண்டும், முடுக்குவதற்கு வாத்தியாரும் கிடையாது.